பெரியவர்களின் கடலறிவை இளையவர்கள் பதிவுசெய்வது எப்படி: இராமநாதபுரம் கரையூர்களுக்கு ஒரு வழிகாட்டி

1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது பத்து வயதாக இருந்தவர்களே இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். எஞ்சின் வருவதற்கு முன் பாய் விரித்து வள்ளம் ஓட்டியவர்கள், மூச்சடக்கிச் சங்கு குளித்தவர்கள், மரிக்கொழுந்துப் பாசி எந்தப் பாறையில் எந்த மாதம் கனக்கும் என்று சொல்லக்கூடிய பெண்கள் எல்லோரும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளோ பிளஸ் டூ முடித்த கையோடு சென்னைக்கும் வளைகுடாவுக்கும் கிளம்புகிறார்கள். டீசல் விலை, இலங்கைக் கடற்படை கைது, பறிபோன படகு, வட்டிக் கடன் என்று அதற்குக் காரணங்கள் நிறைய. பாசி எடுக்கிற தாய்மாரே, "எங்களோட போகட்டும், எம்மக கடல்ல இறங்க வேணாம்" என்கிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தொழிலை விடலாம். ஆனால் தொழிலோடு சேர்ந்து அறிவும் போய்விடக் கூடாது. காற்று, நீவாடு (கடல் நீரோட்டம்), பார் (மீன் கூடும் கடலடித் திட்டு), பாறை, மீன், பாசி பற்றி ஊரிடம் இருப்பதை ஊர்ப் பிள்ளைகளே எப்படிக் கேட்டு, பதிந்து, காப்பது என்பதைக் கீழே படிப்படியாகச் சொல்கிறோம்.

ஆஸ்திரேலியத் தொல்குடிகளிடம் கற்க வேண்டியது

இதே சிக்கலை நம்மைவிடப் பல மடங்கு கொடுமையாகச் சந்தித்தவர்கள் ஆஸ்திரேலியாவின் தொல்குடி மக்கள். 1788இல் ஆங்கிலேயர் குடியேறியபோது அங்கே 250க்கு மேற்பட்ட மொழிகள் இருந்தன. இன்று குழந்தைகள் தாய்மொழியாகப் பேசி வளர்பவை ஒரு டஜன் அளவுக்குத்தான். சுமார் 1910 முதல் 1970 வரை அரசும் மிஷன்களும் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோய் விடுதிகளில் வளர்த்தார்கள். அதைப் பற்றிய தேசிய விசாரணை அறிக்கை 1997இல் வெளிவந்தது. 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். ஒரு தலைமுறையின் பேச்சு அறுந்தால் அடுத்த இரண்டு தலைமுறைகள் தடுமாறும் என்பதை அந்த வரலாறு காட்டுகிறது. இளையோர் காவல் மையங்களில் இன்றும் தொல்குடிப் பிள்ளைகளின் பங்கு அவர்கள் மக்கள்தொகைக்குப் பொருந்தாத அளவு அதிகம். தற்கொலை விகிதமும் அப்படியே.

அவர்கள் கண்ட வழிகளில் நம் கரைக்குப் பொருந்துபவை சில உண்டு. வடக்கே ஆர்னெம் லேண்டில் யிர்க்கலா என்ற ஊரில் யோல்ங்கு மக்கள், பெரியவர்களின் அறிவையும் பள்ளிப் பாடத்தையும் சமமாக வைத்து நடத்தும் இருவழிக் கல்வியை உருவாக்கினார்கள். அந்தப் பள்ளிக்கு 1990இல் தலைமையாசிரியரான மண்டவுய் யுனுபிங்கு, வட பிரதேசத்தில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் தொல்குடி மனிதர். 1996இல் அவர்களின் புனித இடம் ஒன்றில் திருட்டுத்தனமாகக் கொடுவா பிடிக்கும் முகாமைக் கண்டபோது, அந்தக் கடல் யாருடையது என்பதை மரப்பட்டைகளில் 80 ஓவியங்களாக வரைந்தார்கள். எந்தக் குலத்துக்கு எந்த நீர், எந்தப் பாறை, எந்தக் கதை என்று அவற்றில் இருந்தது. 2008 ஜூலையில் புளூ மட் பே வழக்கில் ஆஸ்திரேலியாவின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றம், அங்கே தொல்குடி நிலத்தின் மேல் ஏறி வற்றும் கடல்நீருக்குள் யாரும் அவர்கள் அனுமதி இல்லாமல் நுழைய முடியாது என்று தீர்ப்பளித்தது. பெரியவர்கள் வாய்மொழியாகக் காத்ததைப் பிள்ளைகளுக்கும் நீதிமன்றத்துக்கும் புரியும்படி வைத்ததால் கிடைத்த பலன் இது.

நமக்கும் அவர்களுக்கும் ஒரு பழைய பொருள் பொது. கடல் அட்டை எடுக்க இந்தோனேசியாவின் மக்காசர் துறைமுக வணிகர்கள் 18ஆம் நூற்றாண்டிலிருந்தாவது ஆர்னெம் லேண்ட் கரைக்கு வந்துபோனார்கள். 1907இல் அது நின்றது. மன்னார் வளைகுடாவிலும் அட்டை சீன வணிகத்துக்குப் போனதுதான். 2001இல் இந்திய அரசு அதைப் பிடிக்கத் தடை விதித்தது. யோல்ங்கு மக்களின் பாட்டிலும் ஓவியத்திலும் சொற்களிலும் மக்காசர் உறவு இன்றும் இருக்கிறது. வேதாளை, பெரியபட்டினம், கீழக்கரைப் பக்கத்து அட்டைக் காலம் பெரியவர்கள் நினைவில் மட்டும்தான் இருக்கிறது.

ஒரு வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும். நம் கடலோர மீனவர்கள் பழங்குடிப் பட்டியலில் இல்லை. சேர்க்கச் சொல்லி மீனவர் அமைப்புகள் நெடுநாளாகக் கேட்கின்றன. அந்தக் கோரிக்கை என்ன ஆனாலும், இந்த வேலையைத் தொடங்க எந்தப் பட்டியலும் தேவையில்லை.

முதலில் ஊரின் சம்மதம்

ரெக்கார்டரை வாங்குவதற்கு முன் ஊர்க்கூட்டத்தில் பேசுங்கள். ஊர்த்தலைவர், ஜமாத், பங்குப் பேரவை, மகளிர் குழு என்று உங்கள் ஊரில் யார் சொன்னால் எடுபடுமோ அவர்கள் எல்லோரும் இருக்க வேண்டும். தலைவரிடம் மட்டும் தலையாட்டல் வாங்கிக்கொண்டு போனால், மூன்றாம் வாரத்தில் யாராவது ஒருவர், "யார்கிட்ட கேட்டு எங்க கடலப் படம் புடிக்கிறீக?" என்று கேட்பார். அப்போது வேலை நின்றுவிடும்.

கூட்டத்தில் நான்கு கேள்விகளுக்கு முடிவு எழுத்தில் வேண்டும். பதிவு யாருக்குச் சொந்தம்? எங்கே இருக்கும்? யார் கேட்கலாம், யார் கேட்கக் கூடாது? வெளியூர் ஆராய்ச்சியாளரோ சேனலோ வந்து கேட்டால் யார் பதில் சொல்வது? முதல் கேள்விக்கு எங்கள் பரிந்துரை: பேச்சு பேசியவருக்குச் சொந்தம், தொகுப்பு ஊருக்குச் சொந்தம். உதவிக்கு வரும் தொண்டு நிறுவனத்துக்கோ கல்லூரிக்கோ ஒரு பிரதி கொடுக்கலாம், மூலத்தைக் கொடுக்கக் கூடாது.

குழு

இரண்டு இளையவர், ஒரு பெரியவர் என்பது அடிப்படை அலகு. ஒருவர் கேட்பார், மற்றவர் கருவியையும் குறிப்பேட்டையும் பார்ப்பார். ஒரே ஆள் இரண்டையும் செய்தால் கேள்வி தடுமாறும், அல்லது ரெக்கார்டர் நின்றது தெரியாமல் போகும். ஐந்து ஜோடி இருந்தால் ஒரு பெரிய ஊருக்குப் போதும். அதில் குறைந்தது இரண்டு ஜோடி பெண் பிள்ளைகளாக இருக்கட்டும். பாசி எடுப்பவர்கள், கருவாடு போடுபவர்கள், ஏலக்கடையில் நிற்பவர்கள் எல்லாம் பெண்கள். ஆண் பையன் போய்க் கேட்டால் பாதிதான் சொல்வார்கள்.

பிள்ளைகளுக்குத் தினப்படி கொடுங்கள். பெரியவருக்கு அன்று கடலுக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கும் கூலியைக் கொடுங்கள். பணம் வேண்டாம் என்று மறுக்கும் பெரியவர் வீட்டுக்கு அரிசியோ மருந்தோ வாங்கிக்கொண்டு போகலாம். ஆஸ்திரேலியாவில் 2007இல் தொடங்கிய தொல்குடி ரேஞ்சர் வேலைத்திட்டம் நிலைத்ததற்கு முக்கியக் காரணம், தன் நிலத்தையும் கடலையும் பார்த்துக்கொள்வதை அது சம்பள வேலையாக்கியதுதான். சும்மா சேவை செய்யச் சொன்னால் ஆர்வமுள்ள பையன்கூட இரண்டு மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விடுவான். அவன் மேல் தப்பில்லை.

எப்போது

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மே மாதம் பள்ளிக்கும் விடுமுறை. பெரியவரும் பிள்ளையும் ஒரே நேரத்தில் கரையில் இருக்கும் காலம் ஆண்டில் இது ஒன்றுதான். உட்கார்ந்து பேசும் பதிவுகளை இதில் முடியுங்கள். நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தடை இல்லாததால் அவர்களிடம் சாயங்காலம் வலை கட்டும் நேரத்தில் பேசலாம். கிறிஸ்தவ ஊர்களில் ஞாயிறு, முஸ்லிம் ஊர்களில் வெள்ளி தொழுகைக்குப் பின் வசதி. பாசிப் பெண்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் கடலில் இறங்குவார்கள். அந்த நாட்களில் வீட்டில் தேடாதீர்கள், இடையில் வரும் நாட்களில் போங்கள்.

கடலோடு சேர்ந்த பதிவுக்கு ஒரே பருவம் போதாது. கச்சான் (மேல்திசைக் காற்று) வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும், பாக் நீரிணைப் பக்கம் தணிந்திருக்கும். வாடை தொடங்கினால் நிலைமை தலைகீழ். ஒரு ஆண்டு முழுக்கச் சுற்றி வந்தால்தான் ஊரின் கடல் ஆண்டு பிடிபடும். கோடையில் மட்டும் கேட்டு முடித்த பதிவில் வாடைக்கால மீன்களும் நீவாடுகளும் ஓரிரண்டு வரியில் அடங்கிப்போகும்.

பேசியவரின் சம்மதம்

ஒரு பக்கத்துக்கு மேல் போகாத படிவம் தயார் செய்யுங்கள். அதைக் கையில் கொடுத்துக் கையெழுத்துக் கேட்காதீர்கள். வாசித்துக் காட்டி, அவர் ஒப்புவதை ரெக்கார்டரிலேயே பதியுங்கள். நில ஆவணத்தில் கைநாட்டு வைத்து ஏமாந்த குடும்பங்கள் நம் பக்கத்தில் உண்டு. காகிதத்தைப் பார்த்தாலே சிலருக்கு உள்ளே சுருங்கும்.

கேட்க வேண்டியவை: பெயர் வெளியே வரலாமா, குரல் வெளியே வரலாமா, இடம் வெளியே வரலாமா, எந்தப் பகுதியை வீட்டுக்காரர் மட்டும் கேட்க வேண்டும். ஐந்தாவதாக ஒன்று, சங்கடமாக இருந்தாலும் கேட்டே ஆக வேண்டும்: "நீங்க இல்லாத காலத்துல இத என்ன செய்யணும்?" தொல்குடிகள் பலரிடம் இறந்தவரின் பெயரையும் படத்தையும் ஒரு காலம் வரை வெளியிடாத வழக்கம் இருக்கிறது, அதனால்தான் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியில் நிகழ்ச்சிக்கு முன் எச்சரிக்கை போடுகிறார்கள். நம்மிடம் அந்த வழக்கம் இல்லை என்றாலும், நாற்பதாம் நாள் காரியத்துக்குள் தாத்தாவின் குரல் வாட்ஸ்அப்பில் சுற்றினால் பாட்டிக்கு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்பதையும் சொல்லுங்கள். திரும்பப் பெற்றால் வாக்குவாதம் செய்யாமல் அழித்துவிடுங்கள்.

கருவி

நல்ல செல்போன் போதும். ரெக்கார்டிங் ஆப்பில் வேவ் வடிவம், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ என்று வையுங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 520 எம்பி ஆகும். 64 ஜிபி கார்டில் நூறு மணி நேரத்துக்கு மேல் கொள்ளும். ஏரோபிளேன் மோடு போட மறக்காதீர்கள், இல்லையென்றால் முக்கியமான இடத்தில் யாராவது போன் அடிப்பார்கள். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று, சட்டையில் குத்தும் காலர் மைக் ஒன்று, அதற்கு ரோமம் வைத்த காற்றுத் தடுப்பு ஒன்று வாங்குங்கள். நம் கரையில் பதிவு கெடுவதற்கு முதல் காரணம் காற்று. பஞ்சு உறை மட்டும் போட்டால் கச்சான் காற்றுக்கு நிற்காது. கரையில் ஏற்றி வைத்த படகின் மறைவில், காற்றுக்கு முதுகு காட்டி உட்காரவைத்து, மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். ஓலைக் குடிசைக்குள் நன்றாக விழும். தகரக் கூரைக்கடியிலும் ஓடும் பேனுக்குக் கீழேயும் வேண்டாம்.

உப்புக்காற்று சார்ஜ் துளையை அரித்துவிடும். வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். படகில் கொண்டுபோகும் போனை ஜிப் கவரில் இரண்டு சுற்று சுற்றுங்கள்.

பேசும் முன் முப்பது வினாடி பதிந்து, இயர்போனில் கேட்டுப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். பிறகு நாள், ஊர், பேசுபவர், கேட்பவர் பெயரைக் குரலில் சொல்லித் தொடங்குங்கள்.

என்ன கேட்பது, எப்படிக் கேட்பது

"உங்கள் பாரம்பரிய அறிவைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் மேடைப் பேச்சுதான் கிடைக்கும். "கடல் எங்க தாய்" என்று தொடங்கி ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார். கையில் ஒரு பொருளைக் கொடுங்கள்: வலைத்துண்டு, தூண்டில், பழைய சங்கு, காய்ந்த பாசி. நடந்ததைக் கேளுங்கள்: "தாத்தா, போன கச்சான்ல நண்டுவலைய எங்கன போட்டீக? ஏன் அங்கன? முந்தின நாளு ஏன் போடல?" ஏன் போடவில்லை என்ற கேள்விக்குத்தான் உண்மையான விவரம் வரும்.

ஒரு முறைக்கு ஒரு பொருள். காற்று என்றால் காற்று மட்டும். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று பொதுப்பெயர்கள் வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். இவற்றுக்கிடையே வீசும் காற்றுகளுக்கும் பெயர் இருக்கும். மணலில் ஒரு வட்டம் போட்டு அவரையே குச்சியால் கோடு இழுக்கச் சொல்லிப் படமெடுங்கள். பிறகு திசைகாட்டியை வைத்து ஒவ்வொரு கோட்டின் பாகையையும் எழுதுங்கள். நீவாட்டுக்கும் அப்படியே. ஒரு நீவாடு ஓடும்போது எந்த வலை விரிக்கலாம், எது சுருண்டுகொள்ளும், எந்த மீன் மேலே வரும் என்பதைக் கேளுங்கள். பெயரை மட்டும் எழுதிவைத்தால் பத்து வருடம் கழித்து அதற்கு என்ன பொருள் என்றே தெரியாது.

மீன்பெயர்களுக்குப் படத்தைக் காட்டிக் கேட்பதைவிடக் காலையில் ஏலக்கரையில் நின்று மீனைக் காட்டிக் கேட்பது நல்லது. ஒரே மீனுக்குக் குஞ்சாக இருக்கும்போது ஒன்றும் வளர்ந்த பிறகு வேறொன்றுமாகப் பெயர் இருக்கலாம். மீனின் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். அறிவியல் பெயரைச் சரிபார்க்க மண்டபத்தில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தையோ தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியையோ அணுகலாம். மத்திய நிறுவனத்தின் தலைமையகம் ஆரம்பக் காலத்தில் மண்டபம் முகாமில்தான் இருந்தது.

பாசிக்குத் தனி நாள் ஒதுக்குங்கள். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, பக்கோடா பாசி ஒவ்வொன்றையும் எந்த ஆழத்தில், எந்தப் பாறையில், எப்படிக் கிள்ளுகிறார்கள் என்று கேளுங்கள். அடிப்பிடிப்பைப் பாறையிலேயே விட்டு மேல்பாகத்தை மட்டும் எடுத்தால் மறுபடி தழைக்கும். சுரண்டி எடுத்தால் பாறை வெறுமையாகும். இந்தக் கட்டுப்பாட்டை எந்த அதிகாரியும் சொல்லிக்கொடுக்கவில்லை, பெண்களே பேசி வைத்துக்கொண்டார்கள். மாதத்தில் எத்தனை நாள் போவது, இனம் பெருகும் காலத்தில் எப்போது நிறுத்துவது என்பதும் அப்படியே. சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015இல் சீகாலஜி விருது கிடைத்தது இந்த முறைகளை முன்னெடுத்ததற்காகத்தான். கையில் சுற்றும் துணி, முகக்கண்ணாடி, பழைய சேலைக்கு மேல் போடும் சட்டை, பையை இடுப்பில் கட்டும் முடிச்சு எல்லாவற்றையும் அருகில் படமெடுங்கள். முடிச்சைப் போட்டுக் காட்டச் சொல்லி வீடியோவாக எடுப்பது இன்னும் நல்லது.

ஒரு முறை உட்கார்ந்தால் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை போதும். பெரியவர் அமைதியானால் உடனே அடுத்த கேள்வியைப் போடாதீர்கள், பத்து வினாடி பொறுங்கள். புயல், சுனாமி, கடலில் காணாமல் போன மகன் என்று பேச்சு திரும்பிக் குரல் உடைந்தால் ரெக்கார்டரை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். அந்தப் பகுதி வேண்டுமா என்பதை அவர் இன்னொரு நாள் முடிவு செய்யட்டும்.

சட்டச் சிக்கல் வரக்கூடிய இடம்

இதைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். கடல் அட்டை, கடற்குதிரை, ஆமை, ஆவுளியா (கடற்பசு), பவளப்பாறை எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. "அந்தக் காலத்துல ஆமை பிடிச்சோம்" என்பது வரலாறு. "போன வருசம்" என்று பேச்சு போனால் அது ஒருவர் மேல் வழக்காகலாம். இப்போது நடப்பதைப் பற்றி இவற்றில் எதையும் கேட்காதீர்கள். தடைக்கு முந்தைய பேச்சாக இருந்தாலும் எந்த ஆண்டு என்பதைக் கேட்டுப் பதிந்து, பெயர் இல்லாமல் தனிக் கோப்புறையில் வையுங்கள்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. வனத்துறை அனுமதி இல்லாமல் பதிவுக்காகத் தீவில் இறங்காதீர்கள். உச்சிப்புளியில் கடற்படை விமான தளம் இருக்கிறது, சர்வதேச எல்லையும் கிட்டத்தில். ட்ரோன் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். படகில் போகும் ஒவ்வொருவரிடமும் அடையாள அட்டையும் லைஃப் ஜாக்கெட்டும் இருக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழுள்ளவர்களைக் கரை கண்ணில் படும் தூரத்துக்கு மேல் கூட்டிப்போக வேண்டாம்.

கடலில் இடம் குறிப்பது

கரையில் உட்கார்ந்து கேட்டதைவிடப் பல மடங்கு இங்கே கிடைக்கும். ஜிபிஎஸ் இல்லாத காலத்தில் ஒரு பாரை எப்படித் திரும்பக் கண்டுபிடித்தார்கள்? கரையில் இரண்டு பொருள் ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் மறையும்படி வள்ளத்தை நிறுத்துவார்கள். உதாரணமாகக் கோயில் கோபுரமும் டிவி டவரும் ஒன்றை ஒன்று மறைத்தால் ஒரு கோடு. வேறு திசையில் கலங்கரை விளக்கமும் ஒரு பனைக்கூட்டமும் சேர்ந்தால் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் பார்.

பெரியவரை அணியத்தில் (படகின் முன்முனையில்) உட்காரவைத்து, அவர் "இங்கன" என்று சொல்லும் வரை போனைத் தொடாதீர்கள். சொன்னதும் எஞ்சினை நிறுத்தி, இரண்டு கோடுகளையும் அவர் வாயால் சொல்லவைத்து, இரண்டு திசையிலும் படமெடுத்து, பிறகு ஜிபிஎஸ் எண்ணை எழுதுங்கள். சிக்னல் இல்லாவிட்டாலும் போன் ஜிபிஎஸ் வேலை செய்யும். தசமத்துக்குப் பிறகு நான்கு இலக்கம் போதும்; அது சுமார் 11 மீட்டர் துல்லியம்.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று உண்டு. படகில் இருக்கும் ஜிபிஎஸ் கருவி பெரும்பாலும் பாகை-நிமிடமாகக் காட்டும், போன் தசமப் பாகையாகக் காட்டும். 9 பாகை 16.5 நிமிடம் என்பது 9.2750. அதை 9.165 என்று எழுதிவிட்டால் இடம் 12 கிலோமீட்டர் தள்ளிப்போகும். எந்த முறை என்பதை ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் எழுதுங்கள்.

ஆழத்தைப் பெரியவர்கள் பாகத்தில் சொல்வார்கள். விரித்த இரு கைகளின் நீளம் அது, ஆளுக்கு ஆள் மாறும். ஒவ்வொருவரின் பாகத்தையும் டேப் வைத்து அளந்து அவர் பெயருக்கு நேரே எழுதுங்கள். ஒருவருக்கு ஆறடி, இன்னொருவருக்கு ஐந்தரை அடி என்றால் பத்துப் பாகத்தில் ஐந்தடி வித்தியாசம் வந்துவிடும். கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி, அடியில் சோப்புத் தடவி இறக்கினால் தரை மணலா சேறா என்பதும் ஒட்டி வரும்; வராமல் வெறுமனே வந்தால் பாறை.

இந்த எண்கள்தான் உங்கள் தொகுப்பிலேயே அதிகம் காக்க வேண்டியவை. ஒரு பாரின் எண் வெளியே போனால் அடுத்த வாரம் அங்கே இழுவைமடி ஓடும். வரைபடத்தை இணையத்தில் ஏற்றாதீர்கள். குழுவில் இருவரிடம் மட்டும் எண் நோட்டு இருக்கட்டும். மற்றவர்களின் வரைபடத்தில் பெயரும் தோராயமான பகுதியும் போதும்.

எழுத்தாக்கம்

ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஆறு மணி நேரமாவது ஆகும். பதிவை மலைபோலக் குவித்துவிட்டு எழுத ஆளில்லாமல் நிற்பதுதான் இத்தகைய முயற்சிகள் சாகும் இடம். எனவே ஒரு பதிவை எழுதி முடிக்காமல் அடுத்ததை எடுக்க வேண்டாம். போனின் குரல்வழித் தட்டச்சை நம்பாதீர்கள். அது தெரியாத சொல்லைத் தனக்குத் தெரிந்த சொல்லாக மாற்றிவிடும், மாற்றியதே உங்களுக்குத் தெரியாது. பேச்சைப் புத்தகத் தமிழாகத் திருத்தாதீர்கள். "போட்டீக" என்றால் "போட்டீக" தான். புரியாத சொல்லுக்கு அடியில் கோடு போட்டு, நேரத்தைக் குறித்து, அதே பெரியவரிடம் திரும்பப் போங்கள். பெரும்பாலும் இரண்டாம் சந்திப்பில்தான் நல்ல விஷயம் வரும்.

இரண்டு பெரியவர்கள் மாற்றிச் சொன்னால் இரண்டையும் வையுங்கள். ஒருவர் வடகடலில் (பாக் நீரிணை) தொழில் செய்தவராகவும் மற்றவர் தென்கடலில் (மன்னார் வளைகுடா) செய்தவராகவும் இருக்கக்கூடும். இருவரும் சரியாக இருப்பார்கள்.

காப்பதும் திறப்பதும்

கோப்புக்கு எண்ணாலேயே பெயர் வையுங்கள்: 20260512-03-07-02 என்றால் நாள், ஊர் எண், பேசியவர் எண், துண்டு எண். பழைய கருவிகள் சில தமிழ் எழுத்தில் வைத்த கோப்புப்பெயரைத் திறக்காது. எண்ணுக்கும் பெயருக்குமான பட்டியல் தனி நோட்டில் இருக்கட்டும். மூன்று பிரதிகள் வேண்டும்: ஊரில் ஒரு ஹார்ட் டிஸ்க், இன்னொரு ஊரில் உறவினர் வீட்டில் ஒன்று, இணையச் சேமிப்பில் கடவுச்சொல்லோடு ஒன்று. இரண்டு டிஸ்க்கும் ஒரே தெருவில் இருந்தால் ஒரே புயலில் இரண்டும் போய்விடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். மூலத்தை வாட்ஸ்அப்பில் ஆடியோவாக அனுப்பினால் தரம் குறையும். அனுப்பியே ஆக வேண்டுமென்றால் டாக்குமென்டாக அனுப்புங்கள்.

யார் எதைக் கேட்கலாம் என்பதற்கு நான்கு கோப்புறைகள் போதும்: எல்லோருக்கும், ஊருக்கு மட்டும், பெண்களுக்கு மட்டும், குடும்பத்துக்கு மட்டும். ஆஸ்திரேலியாவின் டெனன்ட் கிரீக் பகுதி வாருமுங்கு தொல்குடி மக்களோடு சேர்ந்து உருவாக்கிய முக்குர்ட்டு என்ற இலவச மென்பொருள் இப்படிப் பிரித்துக் காட்டுவதற்காகவே செய்யப்பட்டது. கணினி தெரிந்த பிள்ளைகள் இருந்தால் அதை முயலலாம். இல்லையென்றால் பூட்டுள்ள பீரோவும் பொறுப்பான ஒரு அக்காவும் போதும்.

பயன்படுத்துவது

எல்லோருக்கும் என்ற கோப்புறையிலிருந்து மூன்று நிமிடத் துண்டுகளை வெட்டிப் பள்ளிக்குக் கொடுங்கள், பாம்பன் கடல் ஓசை 90.4 வானொலிக்கும் கொடுக்கலாம். பேரனின் குரலில் கேள்வியும் தாத்தாவின் குரலில் பதிலும் வானொலியில் வந்தால், ஊரில் மற்றப் பெரியவர்கள் தாங்களாகவே கூப்பிடுவார்கள்.

2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும்; மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டை அது தயாரிக்க வேண்டும். உங்கள் பஞ்சாயத்தில் குழு இருக்கிறதா என்று மனுப் போட்டுக் கேளுங்கள். பாசி, மீன், சங்கு பற்றி நீங்கள் திரட்டியதில் ஊர் அனுமதித்த பகுதியை அந்தப் பதிவேட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். அடுத்து, கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் மீனவர் குடியிருப்பும் பொதுவிடங்களும் காட்டப்பட வேண்டும். வரைவு வெளியாகிக் கருத்துக் கேட்கும்போது வலை காயப்போடும் இடம், படகு ஏற்றும் இடம், கருவாடு போடும் களம் விட்டுப்போயிருந்தால், உங்கள் வரைபடத்தையும் பெரியவர்களின் எழுத்து வாக்குமூலத்தையும் இணைத்து ஆட்சேபம் கொடுங்கள். எந்த ஆண்டிலிருந்து பயன்பாட்டில் உள்ளது என்ற வரி அதில் கட்டாயம் இருக்கட்டும்.

பிள்ளைகளுக்கு எழுத்தில் சான்றிதழ் கொடுங்கள்: எத்தனை மணி நேரம் பதிந்தார், எத்தனை எழுதினார், எந்த மென்பொருள் தெரியும். மீன்வளம், சமூகப்பணி, ஊடகம் என்று எந்தப் படிப்புக்கு, வேலைக்குப் போனாலும் உதவும். வெளியூர் போன பிள்ளையைக் கைவிடாதீர்கள். சென்னையில் இருந்துகொண்டும் எழுத்தாக்கம் செய்யலாம். துபாயில் இருக்கும் பேரன், தாத்தா சொல்லிய இடத்துக்கு வரைபடத்தில் பெயர் சேர்க்கலாம்.

முதல் மே மாதத்துக்கு இவ்வளவு போதும்: ஊர்க்கூட்டம் ஒன்று, மூன்று ஜோடி, ஆறு பெரியவர்கள், ஆளுக்கு இரண்டு சந்திப்பு. ஒரு சந்திப்பு ஒரு மணி நேரம் என்றால் 12 மணி நேரப் பதிவு, எழுத 72 மணி நேரம். ஆறு பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 12. வயதில் மூத்தவரிடமிருந்து தொடங்குங்கள்.